ஒருசாலை மாணாக்கரும் ஓய்வு பெற்றோரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் பழைய வகுப்புத் தோழர் கூட்டத்தைப் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். "வகுப்பு" என்னும் சொல்லுக்கு நம் பாட்டனார் காலத்தில் பெருவழக்காயிருந்த பொருள் வேறு. வகுப்புரிமை என்றும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்றும் 1920-களிற் பேசியபோது அச்சொல் குலத்தையே குறித்தது. அப்பொருளில் நமது சங்கமும் ஒரு வகுப்பாரின் சங்கமே. யாம் இன்று பேசப் புகுந்ததோ மற்றைப் பொருளைப் பற்றியது. பல குலத்துப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே பலகையில், ஒரே ஆசிரியர் முன்னிலையில் மூன்றாண்டு அமர்ந்திருந்த கூட்டம் அது. அத்தகையோரை நம் பண்டை உரையாசிரியர்கள் "ஒருசாலை மாணாக்கர்" என்னும் அழகிய தொடரால் வழங்கினர்.

கல்லூரியை விட்டு நாற்பதாண்டு கழிந்தபின், ஓய்வு பெற்றவரும் ஓய்வு பெறுந் தறுவாயில் நிற்பவருமாகிய ஒருசாலை மாணாக்கர் மீண்டும் கூடுவது எதன் பொருட்டு? எவ்வாறு கூடுதல் தகும்? இவையே நாம் ஆராயத் தக்கன. இத்தகைய கூட்டங்கள் இந்நாளில் ஊர்தோறும் நடைபெறுகின்றன. மண்டபம் எடுக்கின்றனர், பதாகை கட்டுகின்றனர், பொன்னாடை போர்த்துகின்றனர், அறுசுவை உண்டி அருந்திக் குழுப்படம் எடுத்துக்கொண்டு பிரிகின்றனர். இவற்றுள் யாதும் குற்றமன்று. ஆயினும், வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணி மகிழ்வதோடு அமைதல் போதாது. வாராதவர் யாவர், அவர் ஏன் வாராதொழிந்தனர் என்று எண்ணிப் புறப்படும் கூட்டமே பயனுடைய கூட்டம் என்பது எமது துணிபு.

ஓய்வு வந்த மறுநாள்

தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020-ம் ஆண்டு மே மாதத்தில் அது 59 ஆகவும், 2021-ம் ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தப்பெற்றது. மத்திய அரசின் ஊழியர்க்கு 1998-ம் ஆண்டிலேயே 60 என்று வகுக்கப்பெற்றது. ஆகவே, 1965-ஐ ஒட்டிப் பிறந்து, மேனிலைப் பள்ளி முடித்து, 1982-ல் கல்லூரி புகுந்து, 1985-ல் வெளியேறியவர்கள் அண்மைக் காலத்தில்தான் ஒருவர்பின் ஒருவராக அலுவலகப் படியிறங்கினர். எமது வகுப்பும் அவ்வாண்டினதே.

அக்காலத்து இளைஞர் பட்டம் பெற்றவுடன் செய்த முதற்காரியம் வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பெயர் பதிந்து வைப்பது. இரண்டாவது காரியம் தட்டெழுத்துப் பயிலகத்திற் சேர்வது. அதன்பின் அஞ்சற்காரர் வரவை நோக்கித் திண்ணையிற் காத்திருந்தனர். சிலர்க்கு ஓராண்டில் அழைப்பு வந்தது; சிலர்க்குப் பதினைந்தாண்டாயிற்று; சிலர்க்கு வரவேயில்லை. அவ்வழைப்பு வந்த நாளும் வாராமையுமே பின்னர் அவரவர் முதுமையை வகுத்துவிட்டன என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

ஓய்வு பெற்ற மறுநாட் காலையில் நிகழ்வது யாது? முப்பதாண்டுக்கு மேலாக ஊரார் "தாசில்தார்" என்றும் "மேலாளர்" என்றும் "தலைமையாசிரியர்" என்றும் அழைத்த பெயர் முதல்நாள் மாலையோடு கழன்றுவிடுகின்றது. அந்நாற்காலியில் மற்றொருவர் அமர்ந்துவிட்டார். தொலைபேசி மணி அடிப்பது நாளடைவிற் குறைகின்றது. மனைவியார்க்கோ, பகல் முழுதும் வீட்டிலிருக்கும் இம்மனிதரை எங்ஙனம் வைத்துக்கொள்வது என்பது புதிய கவலையாகின்றது. இந்நிலையில் பதவியைச் சாராது தம்மை அறிந்தவர் எவரேனும் உளரோ என்று மனம் தேடத் தொடங்குகின்றது. அப்போது முன்வந்து நிற்பவர் இருவகையார்: ஒருவர் உறவினர்; மற்றொருவர் உடன் கற்றோர்.

உடன் கற்றோரின் உரிமை

உடன் கற்றோர்க்கு நம் இலக்கண நூல்கள் ஒரு தனியுரிமை வழங்கியுள்ளன. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர் யாவர் என்று வரையறுத்த நன்னூலார், ஆசிரியனையும் மாணாக்கனையும் உரைகாரனையும் கூறுவதோடு, நூலாசிரியனோடு உடன் கற்றவனையும் சேர்த்துக் கூறுகின்றார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியனாருக்கு ஒருசாலை மாணாக்கர் என்பது உரையாசிரியர் வழிவந்த கொள்கை. ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது. அவனை முளையிலேயே கண்டவன் கூறின் அது சான்றாகும். பட்டமும் பதவியும் வருமுன்னரே ஒருவனை அறிந்தவன் அவனது பாயிரத்தை அறிந்தவனாவான் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுரிமையோடு கடமையும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் வெவ்வேறு காலத்திற் பாடங் கேட்ட இருவர், தியாகராச செட்டியாரும் உ. வே. சாமிநாதையரும். வயதில் மூத்தவராகிய செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். 1880-ம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றபோது, தமது இடத்துக்கு அவ்விளைஞரே தக்கவர் என்று எடுத்துச் சொல்லி அவரை அமர்த்துவித்தார். ஓராசிரியரிடம் கற்றவர் என்னும் உறவன்றி இருவர்க்கும் குலவுறவு யாதுமில்லை. அந்த ஒரு செயலால் தமிழுக்கு விளைந்த நன்மையை நாம் அறிவோம். ஐயரும் அதனை மறந்திலர். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் "தியாகராச விலாசம்" என்று பெயரிட்டார்.

ஐயரே 1919-ம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியினின்று ஓய்வு பெற்றார். பெருங்கதையை அவர் வெளியிட்டது 1924-ல். தம் ஆசிரியரின் சரித்திரத்தை இரு பாகமாக எழுதியது 1933, 1934-ம் ஆண்டுகளில். குறுந்தொகைப் பதிப்பு 1937-ல். இவை யாவும் ஓய்வுக்குப் பின் நிகழ்ந்தன. ஓய்வு காலம் பழைய கடன்களைத் தீர்த்தற்கு வாய்த்த காலம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தேடும் வேலை

இனி, எமது வகுப்பு கூடிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அது ஒரு மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரியின் அறிவியற் பட்ட வகுப்பு. கல்லூரியின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. உங்களிற் பலரும் இவ்வரலாற்றில் உங்கள் கல்லூரியையே காண்பீர்கள்.

வருகைப் பதிவேட்டில் 41 பெயர்கள் இருந்தன. அவற்றுள் 9 பெண்மக்கள் பெயர்கள். கைப்பேசியில் வாட்ஸப் குழு ஒன்று அமைத்தபோது பத்துப் பன்னிருவர் எளிதிற் கிடைத்தனர். எஞ்சியோரைத் தேடுதல் எளிதாயிருக்கவில்லை. நம் நாட்டில் குடும்பப் பெயர் வைத்துத் தேடும் வழக்கமில்லை. பெயரும் தலையெழுத்துமே உள்ளன. ஒரே பெயருடையார் மூவர் இருந்தனர். பெண்மக்களோ மணமானபின் தந்தையின் தலையெழுத்தை நீக்கிக் கணவரின் தலையெழுத்தை ஏற்றுக்கொண்டனர். ஆதலின் எந்தப் பட்டியலிலும் பழைய பெயரால் அவர்கள் அகப்படவில்லை. இறுதியிற் பயன்பட்டவை பழைய வழிகளே: குழுப்படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயர், அவ்வூர் மளிகைக்கடைக்காரர், கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் தமையன்மார்.

தேடி முடித்தபோது ஐவர் காலஞ்சென்றவர் என அறிந்தோம். அவருள் ஒருவர் பெண்மணி. எஞ்சிய 36 பேருள் முதற் கூட்டத்துக்கு வந்தவர் 19 பேர். வாராத 17 பேரையும் பற்றி அன்று மாலையே ஒரு தாளில் எழுதினோம். நால்வர் வெளிநாட்டிலும் வடநாட்டிலும் இருந்தனர், மூவர் நோயுற்றிருந்தனர், ஐவர் பெண்மக்கள், மற்றை ஐவர் உள்ளூரிலும் அண்மையிலும் இருந்தும், உடல் நலமாயிருந்தும், வாராதவர். இவ்வைவரே எமது சிந்தனையைக் கவர்ந்தனர்.

அருகிலிருந்தும் வாராதவர்

அவ்வைவருள் ஒருவர் நிலையை, அவரது இசைவு பெற்று, பெயர் விடுத்துக் கூறுகின்றோம். முதலிரண்டு ஆண்டும் கணிதத்தில் வகுப்பின் முதல்வர் அவரே. மூன்றாம் ஆண்டில் தந்தையார் இறந்துபட்டமையின் தேர்வு எழுதாமலே நின்றுவிட்டார். ஒரு தனியார் நூற்பாலையிற் சேர்ந்து அங்கேயே உழைத்துக் காலங் கழித்தார். எம்மில் நால்வர் அவர் வீட்டுக்குச் சென்றபோது அன்போடு வரவேற்றுக் காப்பி கொடுத்தார். ஏன் வரவில்லை என்று வினவியபோது, "பட்டம் வாங்கினவர்கள் கூடும் இடத்தில் எனக்கு என்னப்பா வேலை?" என்றார்.

பேச்சினிடையே வேறொன்றும் வெளிப்பட்டது. ஐம்பத்தெட்டு வயது கடந்து இரண்டாண்டாகியும் அவர்க்கு உரிய ஓய்வூதியம் வரவில்லை. ஆலையிற் சேர்ந்த அன்று வாய்மொழியாகச் சொன்ன பிறந்த ஆண்டு ஒன்று. ஆதார் அட்டையில் உள்ள ஆண்டு மற்றொன்று. திருத்துதற்குச் சான்று வேண்டும். பள்ளிச் சான்றிதழோ கையில் இல்லை. ஆலையும் மூடப்பட்டுவிட்டமையின் கையொப்பமிடுவாரும் இல்லை. சான்றிதழ் எங்கே என்றோம். கல்லூரியிற் சேர்ந்தபோது அலுவலகத்தில் ஒப்படைத்தது. கட்டணப் பாக்கி இருந்தமையால் திரும்பச் சென்று கேட்க நாணி விட்டுவிட்டதாகக் கூறினார்.

மறுவாரம் எம்மில் இருவர் அவரை உடனழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்றனர். பழைய பெட்டியொன்றில், நாற்பதாண்டுத் தூசியோடு, அச்சான்றிதழ் இருந்தது. பாக்கித் தொகையைச் செலுத்த முற்பட்டபோது, "நாற்பது வருஷத்துக் கணக்கை நான் எங்கே தேடுவேன், ஐயா?" என்று அலுவலர் நகைத்து விட்டுவிட்டார். வங்கியில் மேலாளராயிருந்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர், ஆலை மூடப்பட்டோர்க்கு உரிய விண்ணப்பம் இன்னது, அதிற் சான்றொப்பமிடத் தக்கவர் இன்னார் என்பதையறிந்து எழுதிக் கொடுத்தார். ஏழு மாதத்தில் ஓய்வூதியம் வந்தது. தொகை பெரிதன்று. அவர் கூறியதோ வேறு: "பணம் வந்தது இருக்கட்டும்; என் சான்றிதழ் என் கைக்கு வந்ததே!" என்றார்.

அன்பர்காள்! தேர்ச்சிப் பட்டியலைக் கையிற் கொண்டு பழைய மாணவரை அழைப்போமாயின் யாரை இழப்போம் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. கணித மேதை இராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதமொழிந்த பாடங்களில் தவறியமையால் உதவித்தொகையை இழந்து வெளியேறினார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், எப். ஏ. தேர்வில் அங்கும் தவறினார். இரு கல்லூரிகளின் தேர்ச்சிப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. வேலையின்றி அலைந்த நாட்களில் இளமைத் தோழர் சிலரே அவர்க்கு இருக்க இடமும் பெரியோரிடத்து அறிமுகமும் தந்து உதவினர். 1918-ல் அவர் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். தவறினோர் யாவரும் இராமானுஜராவர் என்று யாம் சொல்ல வரவில்லை. ஆகாதவரும் நம் பலகையில் இருந்தவரே; அதுவே அழைத்தற்குப் போதிய காரணம் என்கின்றோம்.

பெண்மக்கள் நிலை

வாராத பெண்மக்கள் ஐவரின் காரணங்களையும் எம் வகுப்புப் பெண்மணிகளே நேரிற் சென்று அறிந்து வந்தனர். அவருள் இருவர் ஆசிரியைகளாயிருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் மகளின் குழந்தையைப் பேணி வந்தார். ஒருவர் எண்பத்தைந்து வயது மாமியாரை விட்டு அகல இயலாதவர். மூவர், ஆடவரும் பெண்டிரும் கலந்த கூட்டத்துக்கு எங்ஙனம் செல்வதென்று வீட்டாரிடம் கேட்கவே தயங்கியவர். அலுவலகத்துக்கு ஓய்வு வயது விதிக்கும் அரசாணை உண்டு. அடுக்களைக்கு ஓய்வு வயது விதித்த ஆணை யாதுமில்லை என்பதை யாம் அன்று தெளிவாகக் கண்டோம்.

ஆதலின் இரண்டாங் கூட்டத்தை வேறு விதமாக அமைத்தோம். முகூர்த்த நாளைத் தவிர்த்தோம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் முடியுமாறும், பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே கூடுமாறும் செய்தோம். கணவரையும் மனைவியரையும் பேரக் குழந்தைகளையும் சேர்த்தே அழைத்தோம். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வகுப்புப் பெண்மணிகள் இருவர் வீடு வீடாகச் சென்று குங்குமமும் தாம்பூலமும் கொடுத்து அழைத்தனர். இருக்கும் எண்மரில் எழுவர் வந்தனர். பழைய பதிவேட்டின்படி பெயர்களை வாசித்தபோது, தந்தையின் தலையெழுத்தோடு தம் பெயர் ஒலிக்கக் கேட்டு ஓர் அம்மையார், "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்றார். அவருடன் வந்திருந்த பேத்தி, பாட்டிக்கு அப்படி ஒரு பெயர் உண்டென்பதை அன்றுதான் அறிந்தாள்.

ஒரு பலகை, மூன்று முதுமை

முன்னர்க் கூறிய வேலை அழைப்பின் பயனை இனிக் காண்போம். ஒரே பலகையில் அமர்ந்திருந்த மூவரைக் கருதுங்கள். ஒருவர் 1990-ல் அரசு அலுவலிற் சேர்ந்தார். அவர்க்குப் பழைய முறைப்படி மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. அவர்க்குப்பின் மனைவியார்க்குக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. மற்றொருவர்க்கு அழைப்பு மிகத் தாமதித்து வந்தது. 2003-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளும் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டு அரசுப் பணியிற் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பெற்றது. சம்பளத்தினின்று நூற்றுக்குப் பத்து விழுக்காடு பிடித்து, அதற்கு ஒப்ப அரசும் செலுத்தும் முறை அது. சில மாதத் தாமதமே அவரை வேறொரு பட்டியலிற் சேர்த்துவிட்டது. மூன்றாமவர் தனியார் தொழிற்சாலையிற் பணி செய்தவர். அவர்க்கு 1995-ம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டம். அதன்கீழ்க் குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் ரூ. 1,000 என்று 2014-ம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. பத்தாண்டுப் பணி நிரம்பாதார்க்கு அத்திட்டத்தின்கீழ் மாத ஓய்வூதியமும் இல்லை. கடை வைத்தவர்க்கும் வயலில் நின்றவர்க்கும் இத்தகைய பணி ஓய்வூதியம் இல்லை.

இவர்தம் அறிவிலும் உழைப்பிலும் இத்துணை வேறுபாடு இருந்ததோ? இல்லை. ஆகவே, கூட்டத்தில் எழுந்து பதவியையும் பிள்ளைகள் வாழும் நாட்டையும் அடுக்கிக் கூறுவது, பெரும்பாலும், அஞ்சற்காரர் எந்நாளில் வந்தார் என்பதைக் கூறிப் பெருமை கொள்வதே போலும். அதனைக் கேட்கும் மூன்றாமவர் அடுத்த கூட்டத்துக்கு வாரார்.

இதில் நாம் செய்யத் தக்கது உண்டு. விதிகளை அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லலாம். ஓய்வூதியர் ஆண்டுதோறும் தாம் உயிருடனிருத்தலைக் காட்டும் வாழ்நாட் சான்றினை 2014 முதல் மின்முறையிற் செலுத்த வழி உண்டு. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதனை முடிக்கலாம். இதனையறியாது வெயிலில் வரிசையில் நிற்பவர் இன்றும் பலர். ஓய்வூதியக் கொடுப்பாணை எந்தப் பெட்டியில் உள்ளது என்பது கணவர்க்கு மட்டுமே தெரிந்திருப்பதும் பல வீடுகளின் வழக்கம். அவர் மறைந்தபின் அம்மையார் படும் அலைச்சலை நாம் கண்டிருக்கின்றோம். வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைக்க எண்ணுவோர், மூத்த குடிமக்கள் நலனுக்காக 2007-ல் இயற்றப்பெற்ற சட்டத்தை வழக்கறிஞராகிய தோழரிடம் கேட்டறிதல் நலம். பேணிக் காக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைப் பத்திரத்திலேயே எழுதுவித்தால், அது மீறப்பட்ட காலத்து அச்சட்டத்தின்கீழ் முறையிட இடமுண்டு. இவற்றைச் சொல்லத் தக்கவர் கட்டணம் வாங்கும் அயலாரல்லர், உடன் கற்றவரே.

உடல் நலமும் நட்பும்

நட்பு முதுமைக்கு மருந்தாகும் என்பது வெறும் உபசார வார்த்தையன்று. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு சர்வகலாசாலையில், 1939 முதல் 1944 வரையுள்ள வகுப்புகளைச் சேர்ந்த 268 மாணவரைத் தேர்ந்து, 1938-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினர். பாஸ்டன் நகரத்து ஏழைத் தெருக்களில் வளர்ந்த 456 சிறுவரைப் பற்றிய மற்றோர் ஆராய்ச்சியும் பின்னர் இதனோடு இணைந்தது. அம்மாணவரை வாலிபத்திலும், போர்க்காலத்திலும், இல்லறத்திலும், முதுமையிலும் எண்பதாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கண்டு வந்தனர். அதனை நடத்தியோர் கண்ட முடிபு, செல்வமும் புகழும் அல்ல, அன்புடைய உறவுகளே ஒருவரை முதுமையில் நலமாகவும் மகிழ்வாகவும் வைத்திருக்கின்றன என்பது. ஓய்வு பெற்றபின் அலுவலகத் தோழர்க்கு ஈடாகப் புதிய தோழரைத் தேடிக்கொண்டவரே மிக்க மகிழ்வோடு வாழ்ந்தனர் என்பதும் அவர்கள் கண்டது. நமக்கோ புதியவரைத் தேட வேண்டுவதுமில்லை. பழைய பதிவேடு இருக்கின்றது.

கடைப்பிடிக்கத் தக்கன

எமது அனுபவத்தில் நன்மை பயந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, அழைப்புக்குத் தேர்ச்சிப் பட்டியலைக் கொள்ளாது சேர்க்கைப் பட்டியலைக் கொள்ளுங்கள். நடுவில் நின்றவரும் தவறினவரும் அதில் இருப்பர்.

இரண்டாவது, தலைக்கு இவ்வளவு என்று பணம் விதியாதீர்கள். வாயிலில் மூடிய உண்டியொன்று வையுங்கள். இட்டவரும் இடாதவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கட்டும்.

மூன்றாவது, அறிமுகம் செய்துகொள்ளும்போது பதவியையும் பிள்ளைகள் சம்பளத்தையும் சொல்லாதொழிக. எந்தப் பலகையில், யார் பக்கத்தில் அமர்ந்திருந்தீர் என்று சொல்லுக. அவ்வளவிலேயே பேச்சு தானே பெருகும்.

நான்காவது, காலஞ்சென்றவர் பெயர்களையும் பதிவேட்டு வரிசைப்படியே வாசியுங்கள். அவர்தம் மனைவியரையும் கணவரையும் அழையுங்கள். அவர்களும் வகுப்பைச் சேர்ந்தவரே.

ஐந்தாவது, பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவிடும் தொகையை வாராதவரைக் காணச் செல்லும் வழிச்செலவுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் இருவர் இருவராகப் பிரிந்து, இன்னாரை இன்னார் காண்பது என்று குறித்துக்கொண்டே வீடு திரும்புங்கள்.

ஆறாவது, ஆசிரியர்மாரை மறவாதீர்கள். நமக்கே அறுபது ஆயிற்றெனின் அவர்க்கு எண்பதுக்கு மேலாகும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளத் தக்க காரியமன்று அது.

நம் சங்கத்தாருக்கு

ஒருசாலை மாணாக்கர் கூட்டத்தில் குலம் கேட்பாரில்லை. அதனைக் குலச் சங்கத்து மேடையிற் பேசுதல் பொருந்துமோ என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்பது எம் கருத்து. நம் நாட்டிற் பல குலத்தாரும் தத்தம் சங்கங்களின் வாயிலாக மாணவர் விடுதிகள் அமைத்தனர்; உதவித்தொகை வழங்கினர். அவ்விடுதியில் உண்டு உறங்கி, பகலிற் கல்லூரி சென்று, பல குலத்தாரோடும் ஒரு பலகையில் அமர்ந்தவர் நம்மிற் பலர். விடுதி நம்மைப் பலகை வரை கொண்டுபோய் விட்டது; பலகை நம்மை உலகத்தாரோடு சேர்த்தது. முன்னதற்கு நன்றி பாராட்டுவோர் பின்னதற்கும் நன்றி பாராட்டுதலே முறை. பெரியோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பியது நம்மவரோடு மட்டும் பழகுதற்கன்று.

ஆகவே, ஓய்வு பெற்ற பெரியோர்களே, பெட்டியின் அடியிற் கிடக்கும் குழுப்படத்தை இவ்வாரமே வெளியில் எடுங்கள். அதில் யார் பெயர் நினைவுக்கு வரவில்லையோ அவரை முதலில் தேடுங்கள். தாய்மார்களே, உங்கள் வகுப்புத் தோழியரின் தந்தை ஊரைக் குறித்து வையுங்கள். இளைஞர்களே, உங்கள் பெற்றோர்க்குக் கைப்பேசியிற் குழு அமைத்துக் கொடுப்பது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அவர்க்கோ அது பெரிய உதவி. இப்போது உங்கள் பலகையில் இருப்பவருள் யாரேனும் கட்டணம் செலுத்த இயலாது நின்றுவிடும் நிலையில் உளரோ என்றும் பாருங்கள். நாற்பதாண்டு கழித்துத் தேடுவதினும் இன்றே கைகொடுப்பது எளிது.

எமது வகுப்பில் இன்னும் மூவரைக் காணவேண்டியிருக்கின்றது. அவருள் ஒருவர் நோயுற்று நடக்க இயலாதவர். அடுத்த மாதம் அவர் வீட்டிலேயே கூடுவதென்று முடிவு செய்திருக்கின்றோம்.